உயிரோடு இருந்தவருக்கு ஒரு மரணச் செய்தி

அந்தச் செய்தியில் பெயர் சரியாக இருந்தது. கணவர் பெயர், ஊர், பாம்பு கடித்த நேரம் எல்லாமே சரி. ஆள் இறந்துவிட்டார் என்பது ஒன்றுதான் தவறு என்று மூன்று வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தவறும் அதில் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நிருபர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். முந்திக் கொடுத்த செய்திகளைப் பற்றி எழுதலாம்தான். அவற்றில் பாதி அதிர்ஷ்டம். இது அதிர்ஷ்டத்தால் நடந்ததில்லை, முழுக்க நானே செய்தது. அதனால் உங்களுக்குப் பயன்படும்.

நான் வேலை பார்த்தது ஒரு மாலை நாளிதழில். சேந்தமங்கலத்தில் வீடு, கொல்லிமலையும் என் எல்லைக்குள் வரும். மாலைப் பத்திரிகையின் சங்கடம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்காது. எங்கள் மாவட்டப் பக்கம் பன்னிரண்டரைக்கு மூடிவிடும். விபத்து பத்து மணிக்கு நடக்கும், அடிபட்டவர் பிழைப்பாரா என்பது இரண்டு மணிக்குத்தான் தெரியும். ‘கவலைக்கிடம்’ என்றால் உள்பக்கத்தில் நாலு வரி. ‘பலி’ என்றால் முதல் பக்கம், கடைகளில் தொங்கவிட ஒரு போஸ்டர். ஆகவே நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். ‘பலி’ என்றே முழுச் செய்தியையும் முன்கூட்டி எழுதி, நேரத்துக்கு மட்டும் இடம் விட்டு, செல்போனில் வைத்துக்கொள்வோம். உயிர் போனதும் நேரத்தைப் போட்டு அனுப்பிவிடலாம். அந்தக் காலத்து நிருபர்கள் எல்லோரும் செய்ததுதான். யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை.

அன்றைக்கு நான் மலைக்குப் போனது மிளகு விலை பற்றி எழுத. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாக வந்து நின்றது. ஓட்டியவருக்கும் பின்னால் இருந்தவருக்கும் நடுவில் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். வலது புறங்கையைச் சுற்றி ஒரு துண்டு. மணி பத்தேகால்.

பின்னால் உட்கார்ந்து வந்தவர் அவருடைய கணவர் சடையன். அரியூர் நாட்டுக்காரர்; மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள். அவர் சொல்லித்தான் விவரம் தெரிந்தது. மனைவி பெயர் வெள்ளையம்மாள். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கி, குச்சிகளை ஓரமாகக் குவித்திருக்கிறார்கள். குவியலை மறுபடி அள்ளக் கை வைத்தபோது அடியில் இருந்த நல்லபாம்பு கொத்திவிட்டது. ஒன்பதரை மணி. மந்திரிக்க எங்கேயும் போகாமல் நேராக வந்துவிட்டார்கள்.

நான் குறிப்பெடுத்தேன்; வழக்கம்போல ‘பலி’ செய்தியையும் செல்போனில் எழுதி வைத்தேன். பத்து ஐம்பதுக்கு வெள்ளையம்மாள், “கண்ணு தொறக்க மாட்டேங்குதுங்க” என்றார். டாக்டர் ஏற்கெனவே விஷமுறிவு மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். பதினொன்றேகாலுக்குப் பேச்சு மூக்கால் வந்தது, தலை நிற்கவில்லை. பதினொன்று முப்பத்தைந்துக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து வெளியே நின்ற உறவுக்காரர் ஒருவர், “போயிருச்சுங்க” என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சடையன் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கதவைச் சற்றுத் திறந்து எட்டிப் பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. இமை ஆடவில்லை. நெற்றியில் ஒரு ஈ உட்கார்ந்தது, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. வாயில் ஒரு குழாய். டாக்டர் அதன் நுனியில் இருந்த ரப்பர் பையைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார். முடிந்துபோன பிறகும் உறவினர் மனசு ஆறுவதற்காகக் கொஞ்ச நேரம் இப்படி அழுத்துவார்கள். பல ஆஸ்பத்திரிகளில் பார்த்திருக்கிறேன். அனுபவம் இல்லாத நிருபராக இருந்திருந்தால் உள்ளே போய்க் கேட்டிருப்பேன். எனக்குத் தெரியும் என்பதால் கேட்கவில்லை.

வெளியே மிளகுக்கொடி படர்ந்த ஒரு சில்வர் ஓக் மரம். அதன் அடியில் மட்டும்தான் சிக்னல். அங்கே போய் நின்று, காலியாக விட்ட இடத்தில் 11.45 என்று போட்டு அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. மணி 11.52.

பிறகு சரியான நேரத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று உள்ளே போனேன். இதைக் கவனியுங்கள். அனுப்பிய பிறகு உறுதி செய்யப் போனேன். கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்று, நர்ஸிடம் கேட்டேன்.

“எத்தன மணிக்குப் போச்சுங்க சிஸ்டர்? டைம் மட்டும் சொல்லுங்க.”

டாக்டர் திரும்பவில்லை. முப்பது வயதுகூட இருக்காத பெண். பையை அழுத்திக்கொண்டே கேட்டார். “யாரு போனது?”

நான் கட்டிலைப் பார்த்தேன்.

“அவங்க நீங்க பேசறத எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காங்க சார். கொஞ்சம் பாத்துப் பேசுங்க.” பிறகு குரலை மாற்றினார். “வெள்ளையம்மாக்கா, இந்த ஆளு நம்ப மாட்டேங்கறாரு. கால் கட்டைவிரல ஒருதடவ அசைச்சுக் காட்டுங்க.”

இடது கால் கட்டைவிரல் அசைந்தது. நெல்மணி அளவுக்கு. நின்றது. மறுபடி அசைந்தது.

நான் செய்தியை அனுப்பி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. பக்கம் மூட இன்னும் முப்பது நிமிடத்துக்கு மேல் இருந்தது. சில்வர் ஓக் மரம் பத்தடி தூரம். திரும்பினேன்.

“எங்க போறீங்க? கை வேணும்” என்றார் டாக்டர். “இங்க வென்டிலேட்டர் கிடையாது. கீழ போய்ச் சேர்ற வரைக்கும் யாராவது மூச்சுக் குடுத்துட்டே இருக்கணும். நர்ஸ் வர முடியாது, பிரசவ வார்டுல ஒரு பொண்ணு இருக்குது. குழாய் நழுவாம நான் ரெண்டு கையாலயும் புடிச்சுக்கணும். இந்தாங்க.”

சொல்லிக்கொண்டே பையை என் கையில் வைத்துவிட்டார். ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். பை என் கையில் இருக்கிறது, குழாய் வெள்ளையம்மாள் வாயில் இருக்கிறது. ஸ்ட்ரெச்சர் நகர்ந்தால் நானும் நகர வேண்டும். மரத்தைத் தாண்டித்தான் ஆம்புலன்ஸில் ஏறினோம்.

கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் போகிறவர்களே முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிற பாதை. நான் தரையில் முட்டி போட்டு, முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன்.

“அஞ்சு நொடிக்கு ஒண்ணு” என்றார் டாக்டர். “வளைவ எண்ணாதீங்க, நொடிய எண்ணுங்க. பயந்தா வேகமா அழுத்தத் தோணும். அப்படி அழுத்தக் கூடாது.”

சடையன் முதலில் தானே அழுத்துகிறேன் என்றார். பையை வாங்கிப் படபடவென்று அழுத்தினார். டாக்டர் அவரைத் தலைமாட்டில் உட்காரவைத்து, “உங்களுக்கு வேற வேலை. அவங்க காதுல பேசிட்டே வாங்க” என்றார்.

“என்னத்தங்க பேசறது?”

“எதையாவது. ஊட்டுல என்ன பேசுவீங்களோ அத.”

“ஊட்டுல ஒண்ணும் பேசறதில்லீங்களே.”

“அப்ப இன்னிக்கு ஆரம்பிங்க.”

சடையன் குனிந்தார். “ஏ புள்ள. நாந்தான். கேக்குதா?” என்றார். நிறுத்தினார். “மாட்டப் புடிச்சுக் கட்டச் சொல்லீட்டேன். கெழங்கு புடுங்குன வரைக்கும் லாரிக்கு ஏத்திருவாங்க.” மறுபடி நிறுத்தினார். மூன்று வளைவுகள் போயின. “போன பொங்க நோம்பிக்கு உங்க அண்ணன் ஊட்டுக்குப் போவ வேண்டாம்னு சொன்னன்ல. அது தப்புத்தான்.”

என் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. சில வளைவுகளில் சிக்னல் கிடைக்கும். அலுவலகமாகத்தான் இருக்கும், படம் கேட்பார்கள். அதிர்ந்து நின்றது. என் இரண்டு கையும் பையில் இருந்தன. டாக்டரின் இரண்டு கையும் குழாயில் இருந்தன. சடையனின் இரண்டு கையும் சும்மா இருந்தன. “இதை எடுத்துக் காதில் வையுங்கள்” என்று சொல்லியிருக்கலாம். வைத்தால் நான் என்ன சொல்வேன்? உங்கள் மனைவி செத்துவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டேன், அதை நிறுத்தச் சொல்கிறேன் என்று அவருக்கும், கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் வெள்ளையம்மாளுக்கும் தெரிந்துவிடும். வாய் திறக்கவில்லை. நொடியை எண்ணினேன். இரண்டாவது முறை அதிர்ந்தது. அப்போதும் எண்ணினேன்.

டாக்டரிடம் வேறொன்று கேட்டேன். “எப்படிங்க? ஒரு அசைவும் இல்ல, ஆனா கேக்குதுங்கறீங்க?”

“பல்லு புடுங்கியிருக்கீங்களா?”

“ரெண்டு.”

“ஊசி போட்டதும் உதடு செத்துப்போச்சுல்ல? நீங்க செத்தீங்களா?”

வண்டி ஒரு வளைவில் சாய்ந்தது. குழாயைப் பிடித்த கையைத் தளர்த்தாமல் மேலே சொன்னார். அன்றைக்கு அவர் துண்டு துண்டாகச் சொன்னதைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டதோடு சேர்த்து எழுதுகிறேன்.

நரம்பு என்பது மின்கம்பி மாதிரி வெறும் கம்பி இல்லை. அதன் சுவர் நெடுக மிகச் சிறிய கதவுகள் இருக்கின்றன. ஒரு கதவு திறந்தால், வெளியே இருக்கும் சோடியம், அதாவது உப்பில் இருக்கிற அதே சோடியம், மின்னேற்றத்தோடு உள்ளே பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் பக்கத்துக் கதவைத் திறக்கிறது, அது அடுத்ததை. இப்படித்தான் சேதி ஓடுகிறது. பல் டாக்டர் போடும் மருந்து நரம்புக்குள் நுழைந்து, உள்பக்கமாக இருந்து அந்தக் கதவுகளை அடைத்துவிடுகிறது. வலி என்ற சேதி பாதி வழியில் நின்றுவிடும். இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து மருந்து கரைந்து போனதும் கதவுகள் பழையபடி வேலை செய்யும். ஒரு கதவும் உடைவதில்லை.

நல்லபாம்பின் விஷம் அடைப்பது வேறு கதவை. நரம்பு தன் நுனிவரை சேதியைச் சரியாகக் கொண்டுவருகிறது. அங்கே ஒரு ரசாயனத்தை விடுகிறது. அது தசையின் மேல் இருக்கும் கதவில் போய் ஒட்டினால் கதவு திறக்கும், தசை சுருங்கும். விஷம் அந்த ஒட்டுமிடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிடுகிறது. மூளை ‘கண்ணைத் திற’ என்கிறது, நரம்பு சொல்கிறது, தசைக்குக் கேட்பதில்லை. முதலில் இமை, பிறகு நாக்கு, கழுத்து, மூச்சு. கால்விரல் கடைசி. அந்த விஷம் மூளைக்குள் போவதில்லை. அதனால் காது கேட்கும், வலி தெரியும், பயம் தெரியும். சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

“இப்ப போட்டிருக்கற ஊசி அந்த ரசாயனத்த அழிய விடாது” என்றார் டாக்டர். “சேதி கொண்டு போற ஆள் கூட்டமா சேரும். கூட்டம் சேந்தா விஷத்த முட்டித் தள்ளிட்டு எங்கயாவது ஒருத்தன் கதவத் தொடுவான். அதுக்குள்ள நாம மூச்ச நிறுத்தாம இருக்கணும்.”

நாற்பதாவது வளைவு இருக்கும், வண்டி நின்றது. முன்னால் கிழங்கு ஏற்றிய லாரி. வளைவில் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. எங்கள் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“ஏனுங்கண்ணா, கொஞ்சம் ஓரங்கட்டுங்க. உள்ள உசுரு இருக்குது.”

“தெரியுதப்பா. எனக்கு மட்டும் இங்கயே குடியிருக்க ஆசையா?” என்று லாரியிலிருந்து குரல் வந்தது.

எனக்கு எரிச்சலாக இருந்தது. டாக்டரைப் பார்த்தேன். அவர் லாரியைப் பார்க்கவே இல்லை. “வண்டி ஆடாம நிக்குது. நல்லது” என்றார். சடையனிடம் குழாயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து இரண்டாவது ஊசியை எடுத்தார். ஓடுகிற வண்டியில் போட முடியாத ஊசி. மூன்று நிமிடம் தாமதம் என்று நான் கணக்குப் பண்ணினேன், அவருக்கு மூன்று நிமிடம் ஆடாத கட்டில் கிடைத்தது. நெருக்கடியில் தெளிவாக இருப்பதற்கு உதாரணம் கேட்டால் எனக்கு வேறு யாரும் நினைவுக்கு வருவதில்லை.

மலை அடிவாரம் நெருங்கும்போது சடையன் பேச்சை நிறுத்தினார். “ஏனுங்க, இங்க பாருங்க.”

இடது கண்ணின் இமை உயர்ந்திருந்தது. பாதிகூட இல்லை, ஒரு கீற்று. அந்தக் கீற்றில் கருவிழி மெல்ல நகர்ந்து சடையனிடம் போய் நின்றது.

“எண்ணுங்க சார்” என்றார் டாக்டர். நான் நிறுத்தியிருந்தேன்.

நாமக்கல்லில் பெரிய ஆஸ்பத்திரியில் எந்திரத்தில் இணைத்த பிறகுதான் கையை எடுத்தேன். விரல்களை நீட்ட முடியவில்லை. செல்போனைப் பார்த்தேன். நான்கு தவறிய அழைப்புகள். பக்கம் மூடி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அலுவலகத்துக்குப் பேசினேன். டெஸ்க்கில் இருந்தவர் எனக்கு மூத்தவர்.

“அந்தப் பொம்பள உயிரோட இருக்கு” என்றேன்.

“யாருய்யா சொன்னது?”

“யாரும் சொல்லல. நான்தான் இவ்வளவு நேரம் மூச்சுக் குடுத்துட்டு வந்தேன்.”

“பேப்பர் கட்டு எல்லாம் வண்டி ஏறிப் போயிருச்சு” என்றார்.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பதினெட்டு வயது, கையில் எங்கள் பத்திரிகை. சடையனைப் பார்த்ததும் ஓடிப் போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மகள் கவிதா. நாமக்கல்லில் விடுதியில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள். விடுதிக்கு எதிர்க் கடையில் தொங்கிய போஸ்டரில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டுப் பேப்பர் வாங்கியிருக்கிறாள். அப்பாவின் செல்போன் வயலிலேயே கிடந்தது. ஊரில் யாரும் எடுக்கவில்லை. அம்மாவின் உடலை வாங்கத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள்.

விஷயம் தெரிந்து முகம் கழுவி வந்த பிறகு, பேப்பரை நீட்டி அப்பாவிடம் கேட்டாள். “இத எழுதுனது யாருங்கப்பா?”

சடையனுக்குத் தெரியாது. நான் சொன்னேன். “நான்தான்மா.”

அவள் என்னைத் திட்டவில்லை. “பிணவறை எந்தப் பக்கம்னு ரெண்டு பேர்கிட்டக் கேட்டுட்டு வந்தேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பழக்கத்தால் வந்த தவறு ஒன்று. அதை எடுத்துச் சொல்ல வெட்கப்பட்டது இன்னொன்று. சடையனின் சும்மா இருந்த கைகளில் அந்தச் செல்போனைக் கொடுத்திருந்தால், அந்தப் பெண் பிணவறைக்கு வழி கேட்டிருக்க மாட்டாள். உங்களுக்கும் தவறு வரும். வந்ததும், பக்கத்தில் யார் இருந்தாலும், அவர்கள் முன்னாலேயே வாய்விட்டுச் சொல்லித் திருத்துங்கள். மானம் போகும். அடுத்த வாரம் திரும்பி வந்துவிடும்.

மறுநாள் முதல் பக்கத்திலேயே, அவர் உயிரோடு சிகிச்சை பெறுகிறார் என்று வருத்தம் தெரிவித்துப் போட்டோம். அன்றைக்கே என் செல்போனில் முன்கூட்டி எழுதி வைத்திருந்த எல்லாவற்றையும் அழித்தேன். வெள்ளையம்மாளுக்கு இரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாவது வாரம் அரியூர் நாட்டுக்குப் போனேன். வெள்ளையம்மாள் கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க, வாங்க. என்னயக் கொன்னவரு வந்துட்டாரு” என்றார். “குழி வெட்ட ரெண்டு பேரு மம்பட்டி தூக்கிட்டுப் போயிட்டாங்களாமா. நீங்க எழுதுனதுக்கு அவ்வளவு மதிப்பு.”

மன்னிப்புக் கேட்டேன்.

“அது கெடக்குது. ‘எத்தன மணிக்குப் போச்சு’ன்னு கேட்டீங்கல்ல, அப்ப எந்திரிச்சு ஒரு அறை விடணும்னு இருந்துச்சு. கையி வரல.” சிரித்தார். “அப்பறம் வழியெல்லாம் மூச்சு அடிச்சு வுட்டதும் நீங்கதான்னு டாக்டரம்மா சொன்னாங்க. சரி, கணக்குக் கழிஞ்சுது. ஆனா இந்தாளு நோம்பி விசயத்துல தப்புன்னு ஒத்துக்கிட்டதுக்கு நீங்கதான் சாட்சி. இப்பக் கேட்டா சொல்லவே இல்லங்குது.”

சடையன் கூரையைப் பார்த்தார்.

“இன்னொண்ணு இருக்குதுங்க” என்றார் வெள்ளையம்மாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. “புள்ள அந்தப் பேப்பரப் படிச்சுக் காட்டுச்சு. கூலித் தொழிலாளின்னு போட்டிருக்கறீங்க. அது எங்க சொந்த வெள்ளாமக் காடுங்க. எங்க மாமனாரு கல்லு பொறுக்கி உண்டாக்குன காடு. நான் யாருகிட்டயும் கூலிக்குப் போனதில்ல. செத்துட்டன்னு போட்டத மறாநாளே மாத்திட்டீங்க. இத யாரு மாத்துவாங்க?”

முன்கூட்டி எழுதிய செய்தியில் அந்த வார்த்தை இருந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. மலையில் கிழங்கு பிடுங்கும் பெண் என்றால் கூலித் தொழிலாளி என்று விரல் தானாக எழுதியிருந்தது.

டெஸ்க்கில் சொன்னபோது மூத்தவர் சலித்துக்கொண்டார். “மூணு வாரம் ஆச்சு. இத யாருய்யா படிப்பாங்க?”

“ஒரு ஆள் படிக்கும்” என்றேன். போட்டார்.

பேப்பரை எடுத்துக்கொண்டு நானே போனேன். கவிதா விடுதிக்குத் திரும்பியிருந்தாள், அதனால் நான் படித்துக் காட்ட வேண்டும் என்றார் வெள்ளையம்மாள். மூன்றே வரி. “அரியூர் நாட்டைச் சேர்ந்த வெள்ளையம்மாள் கூலித் தொழிலாளி என்று வெளியான செய்தி தவறானது” என்று முதல் வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. தூங்கிவிட்டார் என்று பேப்பரை மடிக்கப் போனேன்.

“ஏனுங்க நிறுத்திட்டீங்க?” என்றார், கண்ணைத் திறக்காமல். “கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். படிங்க.”